இருபத்தேழாம் விளக்கு

அது எரியக்கூடாது. கம்பியை வெட்டியாகிவிட்டது. என் கண்முன்னால்தான் வெட்டினார்கள்.

நாகவள்ளி மனதுக்குள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியபடி கம்பெனியின் தொலைபேசி சுவிட்ச்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது சின்ன விளக்குகளில் இருபத்தேழாவது மட்டும் மங்கலாக எரிந்தது. கிடங்கின் குளிர் அறைத் தொலைபேசி அது. மூன்று வாரமாக அந்த அறை சீல் வைத்துக் கிடக்கிறது.

மதியம் ஒன்றேகால். துபாய் தேராவின் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு மணிவரை அடங்கியிருந்தன. ஜன்னல் ஏசியின் முனகலுக்கும், தெருவில் வெயில் தின்றுகொண்டிருந்த நிசப்தத்துக்கும் அடியில், ஹெட்போனைக் காதில் வைக்காமலேயே, டயல் சுழன்று திரும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஒன்பது டக். இடைவெளி. மறுபடி ஒன்பது.

இந்தக் கம்பெனியில் எந்தத் தொலைபேசியிலிருந்து வெளியே பேசினாலும் அவள்தான் வயரைச் செருகி லைன் கொடுக்கவேண்டும். போலீஸுக்கான 999 ஆனாலும் அப்படித்தான். முன்பெல்லாம் மதிய இடைவேளைக்குப் போகும்போது குளிர் அறைக்கு ஒரு வெளி லைனைச் செருகிவிட்டுப் போவாள். எண்பத்தாறு ஏப்ரலில் மேனேஜர் மீரா சாகிப் அதை நிறுத்தினார். யாரோ அதில் ஊருக்குப் பேசுகிறார்களாம்.

999 மட்டுமாவது யாரையும் கேட்காமல் நேரே போகட்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். அரை நாள் வேலை என்று டெக்னீஷியனும் சொன்னான். மூன்று முறையும் மீரா சாகிப்பிடமிருந்து ஒரே பதில்.

"எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? காட்டு, நாளைக்கே செஞ்சிடலாம்."

எந்தச் சட்டத்திலும் இல்லை. தேடிப் பார்த்தவளுக்குத் தெரியும். 

மூன்று வாரத்துக்கு முன், அன்றும் ஒரு மணிக்கு வயரை உருவிவிட்டுத்தான் போனாள். நான்கு மணிக்குத் திரும்பியபோது இருபத்தேழு எரிந்துகொண்டிருந்தது. குளிர் அறைக் கதவின் உள்தாழ் உள்ளிருந்து திறக்க முடியாதபடி உடைந்திருந்தது. உள்ளே உறைந்து செத்துக் கிடந்த ஸ்டோர்கீப்பர் அம்மையப்பனின் கன்னத்திலிருந்து ரிசீவரைப் பிரித்தெடுக்கச் சிரமப்பட்டார்கள்.

"போகலியாம்மா? நல்லதாப் போச்சு."

மீரா சாகிப் ஒரு தாளை அவள் முன் வைத்தார்.

"நாலு மணிக்குப் போலீஸ் வர்றாங்க. லைன் செருகித்தான் இருந்துச்சு, அவன்தான் கூப்பிடலேன்னு ஒரு வரி. ஒரு கையெழுத்து."

"நான்தான் சேர் உருவினனான்."

"அது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? உன் விசா கம்பெனி கொடுத்தது. நான் சொல்லித்தான் தெரியணுமா?"

டக். டக். டக்.

அவர் சுவிட்ச்போர்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் கேக்குதோ?"

"ஏசி சத்தம். போடும்மா."

அவள் ஹெட்போனை மாட்டினாள். காது மரத்துப்போனது. உறைந்த மீனின் வாடை. யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக. பிறகு குறைவாக. இன்னும் குறைவாக. பேச்சே இல்லை. டயல் மட்டும். ஒன்பது. ஒன்பது.

ஒரு வயரை எடுத்தாள். இருபத்தேழில் செருகினாள். மறுமுனையை வெளி லைனில்.

உடனே இன்னொரு விளக்கு எரிந்தது. ஒன்றாம் எண். மேனேஜர் அறை.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே ஆளில்லை. மேசையில் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது. டயல் சுழன்றது. ஒன்பது.

கண்ணாடி உட்புறமிருந்து வெளுக்கத் தொடங்கியது. கீழிருந்து மேலாக. மேசை மறைந்தது. தொலைபேசி மறைந்தது.

"அதை உருவு," என்றார் அவர். திரும்பவில்லை. வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. ஜூலை மாதம். "கையெழுத்தைப் போட்டுட்டு... உருவும்மா."

அந்த வெண்மையில் ஒரு கன்னம் வந்து பதிந்தது. மெதுவாக. காது வைத்துக் கேட்பதுபோல.

நாகவள்ளி தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். வயரின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏலாது, சேர்."