பாசியில் ஓர் ஒற்றையடிப் பாதை

"விஷம் வெச்சுட்டான் சார்! என் தொட்டியில இருந்த கடல்விசிறிப் பவளத்தைக் கொன்னுட்டான்!"

பல் மருத்துவர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். துப்பறிவாளருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் நிதானம். அவருடைய உதவியாளருக்கு, அவசரம்.

"யாரு?" என்றார் நிதானம்.

"என் மச்சினன்தான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. காலையில தொட்டிகிட்ட நின்னான், சட்டைக் கை முழுக்க ஈரம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். என் பொண்டாட்டி தானும் கூடப் போறேங்கிறா!"

"சோப்புத் தண்ணி ஊத்தியிருப்பான்!" அவசரம் துள்ளினான். "கேஸ் முடிஞ்சுது சார்!"

வீட்டு வாசலில் பெட்டி தயாராக நின்றது. பக்கத்தில் முறைத்தபடி மச்சினன். கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் பழுப்புநிறப் பவளம் கிளைவிரித்து நின்றது. அதன்மேல் பொடிப்பூக்கள்போல் விரியும் வாய்கள் எல்லாம் மூடிக்கொள்ள, அது மெழுகு பூசியதுபோல் பளபளத்தது. ஒரு கிளை நுனியில் மட்டும் மெழுகு கிழிந்து ஆடியது. அடியில் ஒரு சிவப்பு இறால் ஜோராக மேய்ந்துகொண்டிருந்தது.

தொட்டிக் கண்ணாடியில் ரப்பர் பிடியால் ஒட்டியிருந்த, நீரோட்டம் தரும் அலை பம்ப், மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. அங்கிருந்து கண்ணாடிப் பாசியில் ஓர் அகலமான தேய்ந்த தடம், பவளத்துக்கு நேர் எதிர்வரை ஓடியது.

நிதானத்தின் கண்கள் மின்னின.

"சோப்பு விழுந்திருந்தா முதல்ல இறால் போயிருக்கும். பவளமும் வெளுக்கலை. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்துல அது சமைக்குது, பவளம் சாப்பிடுது. நிறம் இருக்குன்னா அடுப்பு எரியுது!"

"அப்போ ஏன் மூடிக்கிச்சு?" என்றான் அவசரம்.

"தோல் உரிக்குது. மேல படிஞ்ச அழுக்கைக் கழிக்க அப்பப்போ செய்யுற வேலை. உரிஞ்சதை அடிச்சுட்டுப் போக நல்ல நீரோட்டம் வேணும். பம்ப்பைத் திருப்பினது யாரு?"

மருத்துவர் கையைத் தூக்கினார். "நான்தான். இது மூடிக்கிட்டதும், சீக்காளிக்கு ஓட்டம் தாங்காதேன்னு மூலைக்குத் தள்ளினேன். ஆனா மறுபடி பாத்தா பழைய இடத்துலயே நிக்கும். ரப்பர் வழுக்குதுன்னு நினைச்சேன்."

"ஒரு தடவை நகர்த்தினா இப்படித் தேயாது. ரெண்டு பேர் மாத்தி மாத்தி இழுத்திருக்கீங்க."

"வழுக்குதுன்னுதான் மாமா நானும் இழுத்து இழுத்து வெச்சேன்!" மச்சினன் வெடித்தான். "என் சட்டைக் கை காயறதே இல்லை!"

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பேசினாத்தானே சொல்றதுக்கு!"

மச்சினன் தொட்டிக்குள் கைவிட்டுப் பம்ப்பைப் பவளத்தின் பக்கம் இழுத்தான். மெழுகுத்தோல் படபடத்து, நீளநீளமாகக் கழன்று பறந்தது. முதலில் கிழிந்திருந்த நுனியில், ஒரே ஒரு பொடிப்பூ மெல்ல விரிந்தது.

"பூத்துடுச்சு!" அவசரம் கத்தினான்.

மருத்துவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெட்டியை உள்ள எடுத்து வை, மாப்ள."

"கை ஈரமா இருக்கு. நீங்களே எடுத்து வையுங்க, மாமா."