கொடியில் காய்ந்த இடது கையுறை

பள்ளிவாசல் திசைக்கு ஒன்று, கோயில் திசைக்கு ஒன்று என்று இரண்டு சத்தியம் செய்த பிறகே இந்தக் கதை தொடங்குகிறது. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் இத்தோடு நிறுத்தி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம். நன்னிலம் பஸ்ஸிலிருந்து செம்மொழி கூத்தாநல்லூரில் இறங்கினாள். கையில் ரெக்ஸின் பை, பைக்குள் நர்சிங் சர்டிபிகேட். அவள் வீட்டில் அதுவரை எல்லோருடைய கையும் நாற்று முடிந்த கை. ஊசி பிடித்த முதல் கை அவளுடையதுதான்.

ஆஸ்பத்திரி என்பது மலாயா பணத்தில் யாரோ கட்டிய பழைய வீடு. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். முற்றத்தைச் சுற்றிப் பதினொரு கட்டில். உள்ளே நுழைந்ததும் டெட்டால் வாசனை வரும். அதற்கு அடியில் இன்னொரு வாசனை, மழையில் நனைந்த ரப்பர் செருப்பைப் போல.

அவளுக்கு அந்த இடத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தாள் என்று டாக்டர் அப்துல் ஜலீல் ஒரு கடிதம் கொடுத்தால், சவுதியில், தம்மாமில் வேலை நிச்சயம் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் கையுறையும் வேட்டி மாதிரிதான். துவைத்துக் காயவைத்து மறுபடி போட வேண்டியது. ஆயா தர்மாம்பாள் சோப்புத் தண்ணீரில் அலசி, வாயால் ஊதிப் பார்த்து, ஓட்டை இருந்தால் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப் போடுவாள். மாடிக் கொடியில் காயவைத்து, உள்ளே பவுடர் தூவி, துணியில் சுற்றி அவித்து எடுப்பாள். பத்து மாதம் இப்படியே ஓடியது.

தை அறுப்பு நேரத்தில் புண்கள் கெட ஆரம்பித்தன.

முதலில் குடல்வால் ஆபரேஷன் செய்த ஜன்னத் பீவி. மத்தியானம் செம்மொழி கட்டுப் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"எத்தன தடவ புள்ள தொடுவே? இப்பத்தானே வந்து அமுக்கிட்டுப் போனே."

"நான் இப்பத்தாம்மா வர்றேன்."

"அப்ப வந்தது யாரு, ஒன் அக்காளா? கண்ணு சொக்கிக் கெடந்தேன். முகம் பாக்கல. கையி நல்லாத் தெரிஞ்சுது."

கட்டின்மேல் வெள்ளைப் பவுடரில் நான்கு விரல் தடம் இருந்தது.

மறுநாள் அதே இடத்தில் சீழ்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வந்தது. டாக்டர் ஒவ்வொருவர் கையையும் திருட்டுப்போன வீட்டுக்காரர்போலப் பார்க்க ஆரம்பித்தார். தஞ்சாவூரிலிருந்து பரிசோதனைக்கூடத்துப் பஞ்சநதத்தை வரவழைத்தார். அவர் ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்து, வெறுங்கையால் ஒரு தடவை, கையுறையோடு ஒரு தடவை என்று எல்லோர் விரலையும் பதித்து வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் செம்மொழியைக் கூப்பிட்டார்கள். வெறுங்கை பதித்த தட்டில் ஒன்றுமில்லை. கையுறை பதித்த தட்டில், விரல் விரலாக, மஞ்சளாக ஏதோ முளைத்துத் தடித்திருந்தது.

"காலையில போட்டத எப்பக் கழட்டுனே?" என்றார் டாக்டர்.

"மத்தியானம் சாப்பிடறப்ப, சார்."

"நடுவுல எத்தன கட்டில்?"

"பதினொண்ணு. கட்டிலுக்குக் கட்டில் டெட்டால்ல முக்கிட்டுத்தான் போனேன், சார்."

"கிளவுஸ் ஒன்னக் காப்பாத்தவா, அவங்களக் காப்பாத்தவா?"

தன்னைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இன்னும் ஒரு புண்ணு சீழ் வச்சுதுன்னா லெட்டர் கெடையாது. எழுதிக் குடுத்து இன்னொரு நாட்டு ஜனங்களயும் நான் சாகடிக்க முடியாது."

அன்றிலிருந்து அவள் கட்டிலுக்குக் கட்டில் கையுறை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். தோல் உரிந்தது.

ஆனாலும் ஐந்தாம் கட்டில் நோயாளியின் புண்கட்டின்மேல் பவுடர் தடம் விழுந்தது.

நான்கு விரல். இடது கை.

ஆயாமேல்தான் சந்தேகம் திரும்பியது. உச்சி வெயிலில் செம்மொழி சத்தமில்லாமல் மாடி ஏறினாள். வயலிலிருந்து வரும் பதர்த் தூசிகூட அசையாமல் நின்ற நேரம். கொடியில் இருபது முப்பது கையுறைகள் சப்பையாகத் தொங்கின.

ஒன்று மட்டும் சப்பையாக இல்லை.

விரல்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கட்டைவிரல் கடைசியாக நிமிர்ந்தது. மணிக்கட்டுப் பக்கம் வெறும் துளை. உள்ளே பார்த்தால், அத்தனை வெயிலிலும் ரப்பர் வழியாக வெளிச்சம் தெரியவில்லை.

காற்று இல்லை.

"பாத்துட்டியா பாப்பா," என்றாள் தர்மாம்பாள், பின்னாலிருந்து. "பர்வின் சிஸ்டரோடது. ஒனக்கு முன்னாடி இருந்தவ."

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களே."

"போனா. ஊசி குத்தி இடது கை வீங்கிப் போனா, போயே சேந்துட்டா. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுறப்ப வாசல்ல தபால்காரன் நிக்கிறான், சவுதி விசாவோட."

"அவங்க கிளவுஸ எரிக்கலையா?"

ஆயா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நல்ல ரப்பரு. மனசு வரல."

செம்மொழி கொடிக்கு அருகில் போனாள். கடிதத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. பேயைக் கண்டு பயப்படக்கூட அவளுக்கு வசதியில்லை.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "யாரையும் தொடாதீங்க. எனக்கு லெட்டர் கெடைக்கட்டும். ஒங்களையும் கூட்டிட்டுப் போறேன்."

நிரம்பிய விரல்கள் மெல்ல மடங்கின. ஒரு தடவை. பிறகு தளர்ந்து, மற்றவற்றைப்போலத் தொங்கின.

மறுநாள் ஐந்தாம் கட்டிலில் சீழ் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பதினெட்டு நாளில் எல்லாப் புண்ணும் ஆறியது. ஜன்னத் பீவி அந்த ஊர்ப் பலகாரமான வாடா வாங்கி ஆஸ்பத்திரி முழுக்க விநியோகித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். டாக்டர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தன் வாழ்நாளில் இப்படிக் கை கழுவும் நர்ஸைப் பார்த்ததில்லை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொடுத்தார்.

கிளம்பும் நாளில் செம்மொழி மாடிப் பக்கம் போகவில்லை. பேச்சு பேச்சுதான். ஆனால் ஒரு பேயைப் பெட்டியில் வைத்துக் கஸ்டம்ஸில் என்னவென்று சொல்வது? ஆயாவிடம் தனியாக, "அதை எரிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினாள், ரயில் பிடிக்க.

தம்மாமில் எல்லாம் வேறு மாதிரி. ஒரு நோயாளி, ஒரு ஜோடி, உடனே குப்பைத்தொட்டி. துவைப்பதும் இல்லை, ஒட்டுப் போடுவதும் இல்லை. முதல் நாள் காலை, மேலே நெகிழித்தாள் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். கிழித்து, முதல் கையுறையை உருவி, இடது கையில் மாட்டினாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

உருவப் பார்த்தாள். வரவில்லை.

உள்ளேயிருந்த விரல்கள் அவளுடைய விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்து கோத்துக்கொண்டன, கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்கப் பிடித்துக்கொள்வதுபோல.

மேசைக்கு அப்பால் படுத்திருந்த நோயாளி அவளைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார். தூரத்தில், கதவோரம் நின்ற மலையாளி நர்ஸ் மொழிபெயர்த்தாள்: "நீங்க ரெண்டு பேருல யாரு கட்டு மாத்தப் போறீங்கன்னு கேக்குறாரு."

இதோடு ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கூத்தாநல்லூரில் அந்த ஆஸ்பத்திரி நடந்த பத்தொன்பது வருஷத்தில், அங்கே ஒரு ஜோடி கையுறைகூட வாங்கினது கிடையாது. கொடியில் தொங்கியதெல்லாம் யார் யாருடையதோ.