காலையில் எல்லாம் மறக்கும் கார்

நவம்பர் மாத ஒஸ்லோவில் சூரியன், விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நழுவும் ஆள் மாதிரி. எட்டிப் பார்க்கும், போய்விடும்.

துஷ்யாவின் மனமும் இருண்டு கிடந்தது. அம்மாவுக்குத் தொலைவில், ஸ்தவாங்கரில் வேலை. மாதம் ஒருமுறை அவளும் அப்பாவும் காரில் மலை தாண்டிப் போய்ப் பார்ப்பார்கள். டர்போ வைத்த அந்தப் பழைய காரோ, குளிர் தொடங்கியதிலிருந்து ஏற்றத்தில் திணறியது. சிவப்பு விளக்கில் நின்றால் நடுங்கியது.

"அடுத்த சனி, பழைய கார் வாங்கிற பிலேந்திரன் வாறான். குடுத்திடுவம்," என்றார் அப்பா குணசிங்கம்.

"அப்ப அம்மாட்டை எப்பிடிப் போறது?"

அப்பா எழுந்து வெளியே போனார். வழக்கம்போலக் காரின் பற்றரியைக் கழற்றி, பச்சைக் குழந்தையைப் போல ஏந்திவந்து வீட்டுக்குள் வைத்தார். குளிரில் அது செத்தால் புதிது வாங்க வேண்டுமே! அவர்கள் குடியிருந்த ட்வெய்ட்டாப் பகுதியிலேயே இப்படி ராஜ உபசாரம் பெற்ற பற்றரி வேறு கிடையாது.

துஷ்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அப்பாவுக்கு இடுப்பு பிடித்ததால் ஒரு வாரம் பற்றரியைத் தூக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கார் பறந்ததே!

மேல்மாடிக்கு ஓடினாள். அங்கே இருக்கும் ஜெனிதா அன்ரி, கார் திருத்தும் வேலை செய்பவர்.

"அன்ரி, பற்றரியைக் கழட்டினா காருக்கு என்ன நடக்கும்?"

"உங்கடை பழசுக்கோ? மறந்துபோகும். எஞ்சினுக்கு ஒரு கொம்பியூட்டர் இருக்கு. எவ்வளவு பெற்றோல் விடலாம், டர்போ எவ்வளவு காத்துத் தள்ளலாம் எண்டு ஓட ஓடத்தான் அது பழகும். கழட்டினா திரும்ப முதலாம் வகுப்பு."

"அப்பா ஒவ்வொரு நாளும் கழட்டுறார்."

"ஐயோ! இரு, நான் வந்து சொல்லுறன்," என்று சிரித்தார் அன்ரி.

"வேண்டாம் அன்ரி. நானே சொல்லுறன். நீங்கள் சிரிச்சா அவருக்கு வெக்கமாப் போயிடும்."

அவள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, புதுப் பள்ளிக்கூடத்திலை முதல் நாள் நான் எப்பிடி இருந்தனான்?"

"வாயே திறக்கேல்லை."

"எங்கடை காருக்கு ஒவ்வொரு காலமையும் முதல் நாளப்பா," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா பற்றரியை வெறித்துப் பார்த்தார். "அப்ப நான்தானோ பழுதாக்கினனான்?"

"இல்லையப்பா. கொஞ்சம் கூடுதலாப் பாசம் வைச்சிட்டியள்."

பற்றரி காருக்கே திரும்பிப் போய், இரவிலும் அங்கேயே தங்கியது. திங்கட்கிழமை கார் நடுங்கியது. செவ்வாயும் நடுங்கியது. புதன்கிழமை துஷ்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஏற்றத்தில், ஒரு மூச்சு இழுத்து விர்ரென்று ஏறியது.

சனிக்கிழமை பிலேந்திரன் வந்தார். "இந்தத் தகரத்தை ஆர் அண்ணை வாங்குவான்?" என்றபடியே ஒரு சுற்று ஓட்டினார். இறங்கும்போது குரல் மாறியிருந்தது. "சரி, நீங்கள் கேட்ட விலையே தாறன்."

"விக்கேல்லை," என்றார் அப்பா. "இப்பதான் அது எங்களோடை பழகியிருக்கு."

உடனே புறப்பட்டார்கள். வழியெல்லாம் மழை. ஸ்தவாங்கரிலும் மழை. வாசலில் குடையோடு நின்ற அம்மா, குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.