மை காய்ந்த முகம்

பிற்காலத்தில் கிளாசிக் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்பட்ட அந்தப் பேய்ப் படம், ஒரு மதியம் இரண்டரை மணிக்குப் பாதியிலேயே நின்றுபோயிருக்க வேண்டியது.

மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. கூடப் படிப்பவர்களின் சீண்டல் தாங்காமல் செத்துப்போன மாணவி, ஆவியாகத் திரும்பி வந்து வகுப்பையே ஆட்டிவைக்கும் கதை. நாவலாக வந்தபோதே பலரைத் தூங்கவிடாமல் செய்தது. அன்று எடுத்த காட்சியில், வில்லி ஒரு மக் நிறைய மையைக் கதாநாயகியின் முகத்தில் வீச வேண்டும். வீசினாள். கதாநாயகி அலறினாள்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். அவள் தரையில் புரண்டு, "எரியுது, எரியுது" என்று கத்திய பிறகுதான் அது நடிப்பில்லை என்று அவருக்கு உறைத்தது.

மைக்குப் பதிலாகக் கரைத்து மேக்கப் அறையில் வைத்திருந்த நீலச் சாயத்தில் யாரோ மிளகாய்த்தூளைக் கலந்திருந்தார்கள். மீதித் தூள் ஒரு பொட்டலமாக வில்லியின் கைப்பையில் இருந்தது. அப்புறம் என்ன, ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள்.

மூன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். படம் போட்டால் பெயர் ஓடி முடிவதற்குள் தூங்கிவிடும் பெண்மணி அவர். யார் பெரிய நடிகர், யார் சின்ன நடிகர் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் எல்லோரையும் ஒரே மாதிரி மிரட்டினார்.

முதலில் வில்லி. காய்ந்த நீலம் முழங்கைவரை ஒட்டியிருந்தது, அடியில் தோல் சிவந்திருந்தது.

"கையைக் கழுவலையா?"

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன் மேடம், போக மாட்டேங்குது."

"பையில பொட்டலம் எப்படி வந்துச்சு?"

"சத்தியமா தெரியாது. சாப்பாட்டு நேரத்துல பை மேக்கப் ரூம்லதான் கிடந்துச்சு. நான் வெளிய வெறும் தண்ணியை வீசிப் பழகிட்டு இருந்தேன்."

"அந்தப் பொண்ணோட முன்விரோதம்?"

"இந்தப் படத்துக்கு முன்னாடி அவளை எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதான் முதல் படம். இதுலயே இப்படிப் பேர் கெட்டா இனிமே எவன் கூப்பிடுவான்?" அவள் பக்கத்தில் நிற்கக்கூட யாரும் தயாராக இல்லை. இரண்டு மாதமாகப் பாத்திரத்தின்மேல் இருந்த வெறுப்பு முழுவதையும் அவள்மேல் கொட்டினார்கள். பாவமாகத்தான் இருந்தது.

"இவளை எங்கேருந்து பிடிச்சீங்க?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

"நாடகத்துல நடிச்சிட்டிருந்தா. இவளைப் போடுங்க, பொருத்தமா இருப்பான்னு ஒத்தக்கால்ல நின்னதே ஹீரோயின்தான். நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சே!"

அடுத்து மேக்கப்காரர். அவருக்கு உலகத்தின் மேலேயே கோபம்.

"இன்னைக்கு முழிச்ச முகமே சரியில்ல மேடம். காலையில போட்ட மேக்கப் கல்லு மாதிரி நின்னுச்சு. சாப்பாட்டுக்கப்புறம் டச்சப் பண்ணப் போறேன், பவுடர் கட்டி கட்டியா உருளுது. 'வேர்த்துடுச்சுண்ணே'ங்குது ஹீரோயின்."

"வெயில்ல நின்னாங்களா?"

"எங்க நின்னுச்சு? தலைவலின்னு மேக்கப் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குச்சு."

இன்ஸ்பெக்டர் மேக்கப் அறைக்குள் போய் நின்றார். பூச்சு கலையக் கூடாதென்று ஏசியை முழுசாகத் திருகி வைத்திருந்தார்கள். இரண்டே நிமிடத்தில் பல் தந்தியடித்தது. வெளியே வந்துவிட்டார்.

கதாநாயகியைத் தலைமையாசிரியர் அறையில் ஒரு கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கழுத்திலும் கையிலும் நீலம் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்க, நடுவே தோல் சிவந்து தடித்திருந்தது. முகம் மட்டும் துடைத்துவைத்த தட்டுபோல் பளிச்சென்று இருந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆபத்தில்லை" என்றாள் அவசரமாக வரவழைத்திருந்த நர்ஸ். "நல்லவேளையா இறுக்கி மூடிட்டாங்க. முகத்துல ஈரப் பஞ்சை வெச்சதுமே சாயம் வழிச்சுக்கிட்டு வந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் இயக்குநரையும் வில்லியையும் உள்ளே அழைத்தார். கதவைச் சாத்தினார்.

"மை வீசினது முகத்துல. கழுத்துலயும் கையிலயும் பட்டது வெறும் சிதறல். ஆனா அங்கெல்லாம் பிடிச்ச சாயம் முகத்துல பிடிக்கல. அங்கெல்லாம் தடிச்ச தோல் முகத்துல தடிக்கல. ஏன்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"எண்ணெய். குளிர்ல யாருக்கும் வேர்க்காது. சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு முகம் பூரா எண்ணெய் பூசியிருக்காங்க. அதான் பவுடர் நிக்கல. மேக்கப் போட்டுக்கிற எந்த நடிகையும் எண்ணெய் முகத்தோட கேமரா முன்னாடி போவாங்களா? எரிச்சல் வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஒருத்தரைத் தவிர?" அவர் கட்டிலைப் பார்த்தார். "மிளகாயைக் கலந்தது நீதான்மா. பொட்டலத்தை அவ பையில வெச்சதும் நீதான். பை உன்கூட அதே ரூம்ல இருந்துச்சு."

இயக்குநர் குறுக்கே புகுந்தார். "இவளே கேட்டு வாங்கித் தந்த சான்ஸ் மேடம் அது!"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். வில்லியா நடிக்கிறவளுக்கு இவளைத் தெரியாது. இவளுக்கு மட்டும் அவளை எப்படித் தெரிஞ்சுது?"

கதாநாயகி எழுந்து உட்கார்ந்தாள். மறுக்கவில்லை.

"எட்டாம் வகுப்புல அவ எனக்குப் பின் பெஞ்ச். என் மூஞ்சியில மையை ஊத்திட்டு, நானே ஊத்திக்கிட்டேன்னு டீச்சர்கிட்டச் சொன்னா. நான் அழுது அழுது உண்மையைச் சொன்னேன். ஒருத்தர் நம்பல. வருஷம் முடியுறவரைக்கும் என்னைப் பைத்தியம்னுதான் கூப்பிட்டாங்க." அவள் இயக்குநரைப் பார்த்தாள். "இன்னைக்குப் பொய் சொன்னேன். மொத்த யூனிட்டும் நம்பிடுச்சு."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபம் வர மறுத்தது. ஆனால் தப்பு தப்புதான். வில்லியின் பக்கம் திரும்பினார்.

"பாதிக்கப்பட்டது நீங்க. புகார் கொடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம்."

வில்லி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கட்டிலில் இருந்தவளின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே தேடினாள். கிடைக்கவில்லை.

"நாம ஒரே ஸ்கூலா?" என்று கேட்டாள்.

மிளகாய்க்குக் கத்தினாளே தவிர, கதாநாயகி அழுதிருக்கவில்லை. இப்போது அழுதாள்.