ஒரு சுற்றுக்கு எத்தனை சிப்பி?

தக்ஷாயினிக்குப் பதினொரு வயது. அந்த வயதில் யாருக்கும் வரக்கூடாத தலையிடி ஒன்று அவளுக்கு இருந்தது. அதற்கு இரண்டு சக்கரமும் ஒரு மணியும் சிவப்பு இருக்கையும் உண்டு.

கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, அவர்கள் பெரியகல்லாற்றுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட தற்காலிக வீடுகளில் இருந்தார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முகாமில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். எண்ணி எழுதிக்கொண்டு போனார்கள். போய், ஒரேயொரு சைக்கிளை அனுப்பி வைத்தார்கள்!

அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சைக்கிள். அதற்கு ஒன்றுமே தராமல் விட்டிருக்கலாம்.

தக்ஷாயினியின் வீட்டுக் கதவுக்கு மட்டும் நல்ல பூட்டு இருந்தது. அதனால் சைக்கிள் இரவில் அங்கேதான் நிற்கும். யார் எப்போது ஓடுவது என்று பார்ப்பதும் அவள் தலையில் விழுந்தது.

முதலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்த்தார்கள். அதனால் அவள் ஒரு வழி செய்தாள். வீடு கட்ட லொறியில் கொண்டுவந்து கொட்டிய மணல் குவியலில், தேடினால் சின்னச் சின்னச் சிப்பிகள் கிடைக்கும். ஐந்து சிப்பி கொண்டுவந்தால் மைதானத்தில் ஒரு சுற்று. சேர்ந்த சிப்பியை மாலையில் மறுபடி மணலுக்குள் வீசிவிடுவாள். மறுநாள் திரும்பவும் தேட வேண்டும். இரண்டு வருடம் அது ஒழுங்காக நடந்தது.

2007ஆம் ஆண்டு தொடக்கத்தில், மைதானத்தின் மறுபக்கத்தில் வெள்ளைக் கூடாரங்கள் முளைத்தன. வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் சண்டை. வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு ஆட்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வந்த மறுநாளே அவர்கள் சைக்கிளைக் கண்டுவிட்டார்கள்.

"அக்கா, எனக்கும் ஒரு சுத்துத் தாங்க" என்றான் சிவதர்ஷன். எட்டு வயது, முன்பல் இல்லை.

"சிப்பி இரிக்கா?"

"சிப்பி இல்ல. மஞ்சாடி இரிக்கு."

காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கை நிறைய விதைகளை எடுத்து நீட்டினான். பளபளவென்று சிவந்த விதைகள். வரும்போது அவன் கொண்டுவந்த சொத்து அவ்வளவுதான். அதிலும் பாதியைத் தன் கூட்டாளிகளுக்குப் பங்கு கொடுத்திருந்தான். தக்ஷாயினிக்கு மனம் கேட்கவில்லை.

"சரி, ஒரு மஞ்சாடி ரெண்டு சிப்பிக்குச் சமன்" என்று சொல்லிவிட்டாள்.

அதைச் சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, ஒரு மஞ்சாடிக்கு மூன்று சிப்பி வேண்டும் என்றார்கள் கூடாரப் பிள்ளைகள். "எங்கட மரம் வாவிக்கு அங்கால நிக்குது. இது முடிஞ்சா முடிஞ்சதுதான்." புதன்கிழமை, ஒரு சிப்பிகூடத் தரமாட்டோம் என்றார்கள் தகரவீட்டுப் பிள்ளைகள். "அது வெறும் கொட்டைதானே!" வியாழக்கிழமை தகரவீட்டுப் பிரஷாந்தி எங்கிருந்தோ ஒரு பாதி மஞ்சாடியைக் கொண்டுவந்து, அதற்கும் கணக்குப் பார்த்துச் சிப்பி கேட்டாள். பாதி மஞ்சாடி! அதை எலி கடித்ததா இவளே கடித்தாளா என்று பெரிய விசாரணை நடந்தது.

சத்தத்தில் சீனித்தம்பி மாமாவின் பகல் தூக்கம் போனது. அவர்தான் முகாமுக்குத் தலைவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இஞ்ச பாருங்க, இன்னொரு சண்டை என்ட காதில விழுந்திச்செண்டால், சைக்கிளைக் கொண்டுபோய் ஒபிசில போட்டுப் பூட்டிருவன். பிறகு அழுது பிரயோசனம் இல்ல."

அவர் சொன்னால் செய்கிற ஆள். போன மாதம் பிள்ளைகள் விளையாடிய கரம் பலகை அப்படித்தான் உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை.

தக்ஷாயினி சைக்கிளைத் தன் வீட்டு வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். தலையிடிதான், ஆனால் அவர்களிடம் இருந்த ஒரே சைக்கிள் அல்லவா!

அன்று மாலை தகரவீட்டு டிலக்சன் வந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுடைய சித்தப்பா ஜெர்மனியில் இருக்கிறார். அதனால் உலக விஷயம் எல்லாம் தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு.

"இதுக்கு ஒரு வழிதான் இரிக்கு. ஒரே காசு" என்றான்.

"என்ன காசு?"

"சித்தப்பா சொன்னவர். அங்க ஜெர்மன்காரனுக்கும் பிரான்ஸ்காரனுக்கும் ஒரே காசுதான். பாசை வேற, சாப்பாடு வேற. ஆனா காசு ஒண்டு. மாத்துற கரைச்சல் இல்ல. அமெரிக்காவும் யப்பானும் அதில சேர்ந்திச்செண்டால் உலகத்தில சண்டையே வராது."

"ஒரே காசெண்டால், அந்தக் காசை ஆர் அடிக்கிற?" என்று கேட்டாள் தக்ஷாயினி.

டிலக்சன் தலையைச் சொறிந்தான். "அது பெரிய ஆக்கள் பாத்துக்கொள்ளுவாங்க. நாம சிப்பியை வச்சிக்கொள்ளுவம். நாமதானே முதல்ல வந்த ஆக்கள்."

தகரவீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டமாட்டார்களா என்ன? மணல் குவியல் அவர்கள் பக்கத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் இனிப் பணக்காரர் என்று ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டார்கள். அது நியாயம் இல்லை என்று தக்ஷாயினிக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் களைத்துப்போய், "என்னவோ செய்ங்க" என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் சிப்பி மட்டுமே செல்லும். சிவதர்ஷன் தன் மஞ்சாடி விதைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மாலை அவன் திரும்பி வந்தான். கூட நாலைந்து கூட்டாளிகள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஓர் உரப்பையை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

பை நிறையச் சிப்பி.

டிலக்சனின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. "இது எங்க எடுத்த?"

"கரையில, கடலடியில" என்றான் சிவதர்ஷன். "அங்க கொட்டிக் கிடக்குதே. அள்ள அள்ள வருது. கடல் இஞ்ச பக்கத்திலதானே கிடக்கு, நீங்க ஏன் ஒருத்தரும் போறல்ல?"

தகரவீட்டுப் பிள்ளைகள் தென்னைகளின் பக்கம் பார்த்தார்கள்.

அவற்றுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் இரண்டு வருடமாக அதன் கரைக்குப் போகவில்லை. அம்மாமார் விடுவதில்லை என்பது ஒரு காரணம். விட்டாலும் போகமாட்டார்கள் என்பதுதான் உண்மை. தக்ஷாயினி இரவில் அந்த இரைச்சல் கேட்காமல் இருக்கத் தலையணையால் காதை மூடிக்கொண்டுதான் தூங்குவாள். சிப்பி அவர்களுக்கு அரிதாக இருந்ததே அதனால்தான். வயல்கரையில் வளர்ந்த சிவதர்ஷனுக்கு அது எப்படித் தெரியும்? லொறியின் கதவு படாரென்று அடித்தால் நிலத்தில் குப்புறப் படுக்கிற பிள்ளை அவன். கடல் அவனுக்கு வெறும் தண்ணீர்.

"இது செல்லாது!" என்று கத்தினாள் பிரஷாந்தி.

"ஏன் செல்லாது? சிப்பிதான் காசெண்டு நீங்கதானே சொன்ன?"

ஆகவே டிலக்சன் விலையை ஏற்றினான். ஒரு சுற்றுக்கு இருபது சிப்பி. சிவதர்ஷன் அள்ளிப் போட்டான். ஐம்பது என்றான் டிலக்சன். அதையும் அள்ளிப் போட்டான். மணல் குவியலில் காலை முதல் கிண்டி ஏழு சிப்பி எடுத்து வைத்திருந்த ஒரு சின்னப் பெண், கையைப் பார்த்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"சரி, ஓடு!" என்றான் டிலக்சன் கோபத்தோடு. "ஆனா உன்னை ஒருத்தரும் பிடிக்கமாட்டம்."

சிவதர்ஷனுக்கு சைக்கிள் ஓடத் தெரியாது. இவ்வளவு நாளும் யாராவது ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். இப்போது ஒருவரும் வரவில்லை. அவன் தனியாக ஏறினான். இரண்டு மிதி மிதித்தான். தொப்பென்று விழுந்தான். முழங்காலில் இரத்தம்.

அவனுடைய கூட்டாளிகள் டிலக்சனின் சட்டையைப் பிடித்தார்கள். தகரவீட்டுப் பிள்ளைகள் கூட்டாளிகளின் சட்டையைப் பிடித்தார்கள். உரப்பை கவிழ்ந்து சிப்பி நாலாபக்கமும் சிதறியது. அந்தப் பக்கம் சீனித்தம்பி மாமாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

தக்ஷாயினிக்குப் பொறுமை தீர்ந்தது. சிப்பி போடுகிற டின்னைத் தூக்கி, முழுப் பலத்தோடு நிலத்தில் அடித்தாள்.

எல்லோரும் கையை எடுத்தார்கள்.

"உங்கட சிப்பியும் வேணாம், மஞ்சாடியும் வேணாம்! இவ்வளவு சிப்பி வச்சிருந்தும் பிடிக்க ஆளில்லாம விழுந்து கிடக்கான். அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க. வெக்கமா இல்லையா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு சிவதர்ஷனைத் தூக்கி நிறுத்தினாள்.

"இனி இதுதான் காசு. ஆருக்கு ஒரு சுத்து வேணுமோ, அவர் முதல்ல இன்னொராளைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சுத்து ஓடணும். தகரவீட்டு ஆள் கூடாரத்து ஆளைப் பிடிக்கணும். கூடாரத்து ஆள் தகரவீட்டு ஆளைப் பிடிக்கணும். கால் எல்லாருக்கும் ரெண்டுதான். கடல்ல அள்ளவும் ஏலாது, மரத்தில பிடுங்கவும் ஏலாது."

"சின்னாக்கள் எப்படிப் பிடிக்கிற?" என்று மூக்கை உறிஞ்சினாள், ஏழு சிப்பிக்காரப் பெண்.

"நீ வழியில நிக்கிற ஆட்டைத் துரத்து. அது காணும்."

சீனித்தம்பி மாமா கையில் ஒபிஸ் பூட்டின் திறப்போடு வந்து நின்றார். சைக்கிளைப் பார்த்தார். இரத்தம் வடிகிற முழங்காலைப் பார்த்தார்.

"சண்டையா?"

"இல்ல மாமா, முடிஞ்சு" என்றாள் தக்ஷாயினி.

"முடிஞ்சதோ இல்லையோ, பொழுது படுமட்டும் இஞ்சதான் நிப்பன்" என்று அவர் ஒரு கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

யாரும் அசையவில்லை. தக்ஷாயினி டிலக்சனைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் அவன் நெளிந்தான். பிறகு மெல்ல வந்து சீட்டைப் பிடித்தான்.

"ஏறுடா. நேரா முன்னுக்குப் பார். கீழ சில்லு சுத்துறதைப் பாக்காத."

சிவதர்ஷன் ஏறினான். டிலக்சன் மூச்சு வாங்க வாங்க, மைதானத்தை ஒரு சுற்று ஓடினான். உலக விஷயம் தெரிந்தவனுக்கு ஓடுவது பழக்கமில்லை. நாக்குத் தள்ளிவிட்டது. பிறகு அவன் ஏற, கூடாரத்துப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டு ஓடினான். ஏழு சிப்பிக்காரப் பெண் ஆடுகளோடு பக்கத்து வீட்டுக் கோழியையும் சேர்த்துத் துரத்தினாள். பொழுது பட்டபோது சீனித்தம்பி மாமா கட்டையிலிருந்து எழுந்து, திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சைக்கிள் தப்பியது.

கொஞ்ச நாள் தக்ஷாயினிக்குத் தலையிடி இல்லை. அதற்குள் அடுத்தது வந்தது. இப்படி ஆளை ஆள் பிடித்து ஓடி ஓடி, கூடாரத்துப் பிள்ளைகளும் சைக்கிள் ஓடப் பழகிவிட்டார்கள்! ஒருவருக்கும் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. பிடிக்காமல் சுற்று இல்லை என்பதோ சட்டம். பிரஷாந்தி ஒரு சுற்றுச் சம்பாதிப்பதற்காக, நன்றாக ஓடத் தெரிந்த சிவதர்ஷன் விழப்போகிறவன் போல ஆடி ஆடி ஓடினான்.

"அது கள்ளக் காசு!" என்று கத்தினான் டிலக்சன்.

"ஐயோ, உங்களோட என்னால ஏலாது!" தக்ஷாயினி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அப்ப இனி எதைக் காசா வைக்கிற?" என்று கேட்டான் சிவதர்ஷன்.

"அதை நாளைக்குப் பாப்பம். சைக்கிளை இஞ்ச தா. ரெண்டு வருசமா உங்கட கணக்கைப் பாத்ததுதான் மிச்சம். நான் ஒரு சுத்தும் ஓடல்ல."

ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது. வலப்பக்கம் சரிந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அக்காக்கு ஓடத் தெரியாது!" என்று கூவினான் சிவதர்ஷன், புதையல் கண்டவன் போல.

அவ்வளவுதான். இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். "நான் பிடிக்கிறன்! நான் பிடிக்கிறன்!" ஒருவன் சீட்டைப் பிடித்தான், ஒருத்தி ஹாண்டிலைப் பிடித்தாள், டிலக்சன் பின்சக்கரத்தையே பிடித்தான். ஆடு துரத்துகிறவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒராள் பிடிச்சாக் காணும்!" என்று கத்தினாள் தக்ஷாயினி. "எல்லாரும் பிடிச்சு இழுத்தால் சைக்கிள் எப்படிப் போகும்?"