ஐந்தாம் இருக்கைக்கு ஒரு சீட்டு

ஐந்தாவது இருக்கைக்கு முன்னால், மேஜையின் பச்சைத் துணியில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்த இல்போ நிமிர்ந்து பார்த்தான். அந்த இருக்கையில் யாரும் இல்லை.

கப்பலின் அதிர்வாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துர்க்கு துறைமுகத்திலிருந்து காலையில் கிளம்பிய கப்பல் தீவுகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது; நவம்பர் என்பதால் நாலு மணிக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் ஏலக்காய் ரொட்டியின் வாசனையும் எங்கோ அடியில் உறுமும் எஞ்சின் சத்தமும் அந்தச் சின்ன ஆட்டக்கூடத்தில் தேங்கிக் கிடந்தன. இருபத்தாறு வருடமாக இதே மேஜையில் சீட்டுப் போடுகிறவன். அதிர்வு எது, விரல் எது என்று அவனுக்குத் தெரியாதா?

தெரியும். இது விரல்.

எதிரே ஒரே ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். ஐலி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாழ்க்கையில் முதல்முறையாகச் சீட்டு மேஜைக்கு வந்திருக்கிறாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. திட்டாம சொல்லிக் குடு."

"சுலபம்தான்க்கா. உங்க சீட்டோட கூட்டுத்தொகை இருபத்தொண்ணத் தாண்டக் கூடாது. தாண்டாம என்னைவிட அதிகம் வெச்சிருந்தா ஜெயிச்சீங்க. இன்னொரு சீட்டு வேணும்னா விரலால மேஜையத் தட்டுங்க. போதும்னா உள்ளங்கைய இப்படி வீசுங்க. வாயால சொன்னா செல்லாது."

"ஏன், உனக்குக் காது கேக்காதா?"

"மேல இருக்கற கேமராவுக்குக் கேக்காது."

"சரி, நீ எப்ப நிறுத்துவ?"

"பதினாறு வரைக்கும் நான் எடுத்தே ஆகணும். பதினேழு வந்தா நின்னே ஆகணும். என் இஷ்டம்னு ஒண்ணும் கிடையாது."

"அடப் பாவமே, என் வீட்டுக்காரர் மாதிரி!" ஐலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இல்போவும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. இதே மேஜையில்தான் மெர்வியும் சீட்டுப் போட்டாள்; இங்கே பழகித்தான் அவளைக் கட்டிக்கொண்டான். போன பிப்ரவரியில் பக்கவாதம் அவளுடைய பேச்சைப் பிடுங்கிக்கொண்டபோது, இருவருக்கும் இந்த மேஜைச் சைகைதான் மிஞ்சியது. கட்டிலில் விரலால் தட்டினால், வேண்டும். உள்ளங்கையை வீசினால், போதும். ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அது புரியாது. எட்டு மாதம் கழித்து, மூச்சுக் கருவியைத் தொடரலாமா என்று டாக்டர் கேட்டபோது, மெர்வி அவனையே பார்த்தபடி போர்வையில் தட்டினாள். இரண்டு தட்டு.

"போதுங்கறா" என்று இல்போ சொன்னான். கருவியை நிறுத்தினார்கள்.

அவள் படும் வலியைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னானா, தன் அலுப்புத் தாங்காமல் சொன்னானா, அவனுக்கே தெரியவில்லை. அப்போது அவள் கண்ணில் எழுந்த திகைப்பு மட்டும் நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து அதை நினைத்து அழாத நாளில்லை.

தட்டு. தட்டு.

இந்தமுறை துணி குழிந்ததையும் பார்த்தான். யோசிப்பதற்குள் கை பழக்கத்தில் சீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை உருவி ஐந்தாம் இருக்கைக்குத் தள்ளிவிட்டது. ஆட்டின் இரண்டு.

"அது யாருக்கு?" என்றாள் ஐலி.

"கை தவறிடுச்சுக்கா."

தட்டு. தட்டு. டைமன் மூன்று. மறுபடியும் தட்டு. ஏஸ். பிறகு இரண்டு. பிறகு மறுபடியும் ஏஸ், அதுவும் வெறும் ஒன்று. இருபத்தொன்றைத் தாண்டினால் ஆட்டம் முடிந்துவிடும். பத்து மதிப்புள்ள ராஜாவோ ராணியோ வா என்று மனசுக்குள் கெஞ்சினான். வரவில்லை; ஒன்றும் இரண்டுமாக இன்னும் நாலு சீட்டுதான் வந்தன. ஏலக்காய் வாசனை அடங்கிப்போய் மருந்து வாடை எழுந்தது. துணிக்கு அடியிலிருந்து மூச்சுச் சத்தம். குழாய் வழியாக இழுக்கும் மூச்சு.

"தம்பி, உன் மூஞ்சி வெளுத்துப் போச்சே. அங்க யாருமே இல்லையே!" ஐலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

ஒன்பது சீட்டு. கூட்டினால் பதினாறுதான்.

"போதும், மெர்வி" என்றான் வாய்விட்டு.

வாயால் சொன்னால் செல்லாது.

தட்டு. தட்டு.

தாங்க முடியாமல், அவளுக்குப் பதிலாக அவனே ஐந்தாம் இருக்கையின் சீட்டுகளுக்கு மேல் உள்ளங்கையை வீசினான். அன்றும் அவளுக்குப் பதிலாக அவன்தான் போதும் என்றான்.

மூச்சு நின்றது.

எஞ்சின் மட்டும் உறுமியது. பயம் வடிந்து நெஞ்சு வலித்தது. இரண்டாவது முறையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்தான்.

அடுத்த ஷிப்ட்டில் சீட்டுப் போடவேண்டிய வெய்கோ தோளைத் தொட்டான். "எறங்கு, இல்போ. காபி ஆறுது. என்னடா இது, ஆளில்லாத எடத்துல இத்தன சீட்டு?"

மேஜையை விட்டுப் போகிறவன் கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்குத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும், எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அடையாளமாக. தட்டினான். திருப்பினான்.

வெறும் கை. கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

வெய்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஐலி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது உள்ளங்கையின் நடுவில், விரல் தட்டியது போல, தோல் குழிந்தது. நிமிர்ந்தது.

மறுபடியும் குழிந்தது.