நடு அட்டை

பசை இன்னும் காயவில்லை.

அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகிறது. மாடி அறைப் பூட்டை இன்று மதியம்தான் திறந்தார்கள். ஆனாலும் அலமாரிக்குள் இருந்த அந்தக் காகித வீட்டின் கூரை அவள் கட்டைவிரலில் பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தாள். புளித்த மாவு வாடை. மழைக்கால ஈரம், வேறென்ன என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாத அண்ணன் தாராளமாகச் செலவழித்தது ஒரே ஒரு மாத இதழுக்குத்தான். ஒவ்வொரு இதழின் நடுவிலும் கெட்டியாக ஓர் அட்டை வரும். அச்சிட்ட கோட்டில் வெட்டி, மடித்து, ஒட்டினால் கப்பலோ ரயிலோ மணிக்கூண்டோ எழுந்து நிற்கும். தங்கை இவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவனுக்கு அந்த அட்டைகள்தான் மனிதர்கள். ஒரே வீட்டில் இருந்தும் தங்கை புருஷன் முகத்தில் அவன் விழித்ததில்லை. சாகக் கிடந்தபோதுகூட, "அவன் என் ரூமுக்குள்ள கால வெச்சான்னா நடக்கிறதே வேற" என்றுதான் சொன்னான். செத்தவன் பேச்சு தண்ணீரில் எழுதின எழுத்து என்று அவள் நினைத்தாள், பாவம்.

அம்மா இல்லை, அப்பா இல்லை, பிள்ளையும் இல்லை. அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உறவு, மாடியில் விசிலடித்தபடி இதழ்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தது.

இதழ்களை வாங்கச் சாயங்காலம் வருவதாகச் சொன்ன பழைய புத்தகக் கடைக்காரர் போனிலேயே கறாராகப் பேசிவிட்டார். "நடு அட்டை இருந்தாத்தாம்மா அது புத்தகம். இல்லன்னா எடைக்குப் போடுங்க, நான் எதுக்கு?"

ஓர் இதழில்கூட அட்டை இல்லை. எல்லாம் வெட்டி ஒட்டி அலமாரியில் நின்றன. வேறு வீடாக இருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள். இவள் வளர்ந்ததோ, முத்திரை விழாத தபால்தலையைக் கெட்டில் ஆவியில் காட்டி உரித்து மறுபடி ஒட்டிய குடும்பத்தில். அதே வித்தைதான். ஆவியில் பிரித்து, இஸ்திரி போட்டு, பின்னால் ஒரு தாளை ஒட்டி இதழுக்குள் வைத்துவிட்டால் அந்த ஆளுக்கு என்ன தெரியப் போகிறது?

அலமாரியில் நின்றதையெல்லாம் கீழே கொண்டுவந்தாள். சமையலறை மேசையில் கெட்டில் கொதித்தது. கப்பல் தட்டையானது. மணிக்கூண்டு தட்டையானது. கடைசியாகக் காகித வீட்டைக் கிட்டே இழுத்தாள்.

விரிசல் விட்ட வாசற்படி. கம்பி வளைந்த சமையலறை ஜன்னல். மேலே ஒற்றை அறை. அட, இது இந்த வீடு! அச்சடித்ததும் இல்லை, கோடெல்லாம் அண்ணன் கை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசப் பஞ்சம், இதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது! வெடுக்கென்று தூக்கி ஆவியில் காட்டினாள்.

"ஏய், கீழ என்ன பண்ற?" மேலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "இங்க ஒரே புழுக்கமா இருக்கு."

"ஜன்னலைத் தொறங்க."

"தொறக்க மாட்டேங்குது. சுவரெல்லாம் வேர்க்குதுடி."

"வேலைன்னா உங்களுக்குத்தான் வேர்க்கும், சுவருக்குமா?"

அவன் சிரித்தான். மறுபடி விசில் கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டே காகித மாடி அறையின் மூலையில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பசை இழுபட்டு, சர்ரென்று விட்டது. அதே சத்தம் மேலேயும் கேட்டது. பெரிதாக, நீளமாக, கூரை முழுக்க. கட்டு சரிந்திருக்கும் என்று நினைத்தாள். பிரிந்த சுவரை உள்ளங்கையால் உள்பக்கம் சாய்த்து அழுத்தியபடி, இஸ்திரிப் பெட்டிக்குக் கை நீட்டினாள்.

விசில் நின்றது.

"ஏய்... சுவர்... சுவரு வருது..."

கையை எடுத்தாள். காகிதச் சுவர் ஒரு விரற்கடை எழும்பியது. மேலே அவன் மூச்சை இழுப்பது கேட்டது. நனைந்த துணியின் வழியாக இழுப்பது போன்ற மூச்சு.

ஐயோ. நானா? நானேவா?

இரண்டு கையாலும் சுவரை நிமிர்த்தினாள். பசை ஆவியில் கரைந்து போயிருந்தது. விட்டால் சாயும். ஒரு கையால் இந்தச் சுவர். மறு கையால் அந்தச் சுவர்.

"என்னங்க! கீழ வந்துடுங்க!"

"கதவு இல்லடி." குரல் நசுங்கி வந்தது. "கதவு இருந்த எடத்துல வெறும் கோடுதான் இருக்கு. நீ என்னமோ பண்ற. பண்ணாத. அப்படியே... அப்படியே புடி."

பிடித்தாள். வாசல் மணி அடித்தது. கடைக்காரர் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "காப்பாத்துங்க" என்று கத்தினாள். குரல் வாசல்வரை போகவில்லையோ என்னவோ, "வரச் சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்சாங்களோ" என்ற முணுமுணுப்பு கேட்டது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

உள்ளங்கை வேர்த்தது. வேர்வை காகிதத்தில் இறங்கியது. காகிதம் ஊறி, குழைந்து, விரலுக்கு அடியில் மெத்தென்றானது.

"விட்டுடாத," என்றான் அவன்.

"விடல. விட மாட்டேங்க."

அப்போது, அவள் கை தொடாத பின்பக்கச் சுவரில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. நான்காவது. கடைசியாக, அகலமாக, ஒரு கட்டைவிரல்.

குழிகள் ஆழமாயின. சுவர் உள்ளே சாயத் தொடங்கியது. அவசரமே இல்லாமல். மடிப்புக் கோடு பிசகாமல்.